எலிக்கல்

அலுவலகம் தந்த படிவத்தில்
ஐந்தாம் கட்டம்: கட்டடத்தின் இனம்.
வீடு அல்லது களஞ்சியம்.
ஒன்றை மட்டும் குறிக்கவும்.

மஞ்சள் நிற அஞ்சல் பேருந்தில்
ஓபர்மாட் கிராமத்துக்கு ஏறிப்போனேன்.
சரிவெங்கும் ஒரே கறுப்பு.
முன்னூறு வருட ஆல்ப்ஸ் வெயில்
லார்ச் கட்டைகளைப் பேதமில்லாமல் சுட்டிருந்தது.
சுற்றுலா வருகிறவர்கள் எல்லாவற்றையும்
ஷாலே என்று சொல்லிப் படமெடுக்கிறார்கள்.
நான் அப்படிச் சொன்னால் சம்பளம் வராது.

முதலில் காலைப் பார்க்க வேண்டும்.
களஞ்சியம் என்றால்
கட்டைக்கால் மேல் வட்டக்கல்,
வட்டக்கல் மேல் தானிய அறை.
ஏறிவரும் எலி
தலைக்குமேல் கல்லைக் கண்டு இறங்கிப்போகும்.
வீட்டுக்கு அந்தக் கல் கிடையாது.
மனிதர்கள் எலியோடு ஒத்துப்போய்விட்டவர்கள்.
பிறகு இடுக்கு.
வீடானால் கட்டைக்கும் கட்டைக்கும் நடுவே
பாசியைத் திணித்திருப்பார்கள்.
களஞ்சியத்தில் காற்று வந்துபோக விட்டிருப்பார்கள்.
கடைசியாக முதுகு:
வீட்டுக்குப் பின்னால் கல்லில் கட்டிய அடுக்களை,
தீ மரத்தைத் தொடாமலிருக்க.

க்ரெசென்ஷியா இம்போடன்,
பனி தள்ளும் வண்டி ஓட்டுகிறவள்,
எட்டில் மூன்று பங்குக்குச் சொந்தக்காரி,
வீடு என்று எழுதச் சொன்னாள்.
மீதி ஐந்து பங்குக்கார ஆம்ப்ரோஸ்
களஞ்சியம் என்றான்.
வரி ஏறும், என்றான்.
சற்றுப் பொறுத்து,
எங்கள் குடும்பத்தில் யாரும் தானியத்தோடு படுத்ததில்லை, என்றான்.
அதை நான் கேட்டிருக்கவே இல்லை.

வட்டக்கல் எட்டும் சரியாக இருந்தன.
இடுக்குகளில் காற்று சீட்டியடித்தது.
அடுப்பில்லை, புகைக்கரி இல்லை.
பேனா மூடியைக் கழற்றிவிட்டேன்.

அவள் உள்ளே போய்
மேற்குச் சுவரில் ஒரு மரமுளையைத்
தாழக்கோலின் அடியால் தட்டினாள்.
உள்ளங்கை அகலப் பலகை நகர்ந்தது.
சதுரமாய்க் கொஞ்சம் பனிமலை.

இந்தப் பள்ளத்தாக்கின் வீடுகளில் பார்த்திருக்கிறேன்.
ஒருவர் சாகும்போது திறப்பார்கள்.
உயிர் போனதும் அடைத்துவிடுவார்கள்,
வழி தெரிந்து திரும்பி வராதபடி.

"ரை மணிக்காக யாரும் இதை வெட்டமாட்டார்கள்" என்றாள்.
ஆம்ப்ரோஸ் தொப்பியைக் கழற்றி
அதன் உள்பக்கத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

யார் என்று நான் கேட்கவில்லை.
பலகைக்குக் கீழே
நாலே இடுக்குகளில் பாசி அடைத்திருந்தது,
ஒரு ஆள் படுத்தால் வரும் நீளத்துக்கு.

கடைசிப் பேருந்து நாலு நாற்பதுக்கு.
ஐந்தை விட்டுவிட்டு ஆறாம் கட்டத்தை நிரப்பினேன்.
கூரை: கற்பலகை. நல்ல நிலை.

ஆம்ப்ரோஸ் துளையை அடைக்க நகர்ந்தான்.
"கொஞ்ச நேரம் இருக்கட்டும்" என்றாள்.