காலுறை லாச்சி

வுப்பர்டாலில் தண்டவாளம் மேலே, ரயில் கீழே.
என் இரண்டாம் மாடி ஜன்னலை உரசுவதுபோல் தொங்கிப் போகும்.
போகும்போதெல்லாம் அலமாரிக் கண்ணாடி
பல்லைக் கடிக்கும்.
அதனால் வன்தட்டு வாங்கப் போனபோது
கடைப் பையனிடம் முதலில் கேட்டது
அதிர்வு தாங்குமா என்பதைத்தான்.
"ஐந்து வருட உத்தரவாதம்" என்றான்.
அது தட்டுக்கு.
உள்ளே இருக்கப்போகும்
நானூற்றுப் பதினெட்டுக் கல்யாணத்துக்கு
யார் தருவார்?

ஒரே பெட்டியில் பிறந்தவை
ஒரே வாரத்தில் சாகும் என்று பயந்து
இரண்டைக் கொலோனில் வாங்கினேன்,
ஒன்றை மூன்று மாதம் கழித்து டுசல்டோர்பில்,
இன்னொன்றைத் தபாலில்.
சாதகம் பார்ப்பவன்போல்
பிறந்த தேதி, சுற்றும் வேகம், சூடு
எல்லாம் பார்த்தேன்.
நான்கையும் ஒரு பெட்டியில் பூட்டி,
அதனடியில் ரப்பர் பாய் விரித்தேன்.
பழைய ஐந்தாவதை,
மூன்று இடத்தில் பழுது, முனகல் வேறு,
காலுறை லாச்சிக்குள் போட்டேன்.
எறிய மனம் வரவில்லை என்பதில்லை.
மின்குப்பை எடுக்கும் நாள்
எப்போதும் எனக்குப் படப்பிடிப்பு.

ஒக்டோபரில் சயந்தவி அழைத்தாள்.
"அண்ணா, என்ர கலியாணத்தை அழிச்சு விடுங்கோ."
தீர்ப்பு வந்துவிட்டதாம்.
அழித்தேன்.
நல்ல தட்டுகள், சொல் தட்டாதவை.
ஒன்றில் போனது
அதே கணத்தில் நான்கிலும் போனது.

பன்னிரண்டாம் நாள் அவளுடைய தாய்.
"தம்பி, பந்தியில இவர்
ரெண்டாந்தரம் பாயாசம் கேக்கிற ஒரு துண்டு கிடந்தது.
இவர் போய் மூண்டு வருசம்.
ஆள் அசையிற படம் எங்களிட்ட வேற இல்லை."

நம்பகமான நான்கிடமும் கேட்டேன்.
துடைத்துக் கவிழ்த்த பாத்திரம்போல் இருந்தன.

இப்போது இரவு ஒன்றரை.
கடைசி ரயில் போய்விட்டது.
துவாய் விரித்து
ஐந்தாவதை அதன்மேல் கிடத்தியிருக்கிறேன்.
டிக்.
மகளிடம் என்ன சொல்வது என்று இன்னும் யோசிக்கவில்லை.
டிக்.
தாலி கட்டும் இடத்தில் சிக்கி,
நாலு தரம் முயன்று,
கைவிட்டு நகர்ந்தது.
அறுபத்தொரு சதவீதம்.
பந்தி இனித்தான்.
விடியுமுன் முதல் ரயில் வந்துவிடும்.
கதிரையை இழுத்தாலும் சத்தம் என்று
நின்றபடியே பார்க்கிறேன்.