இரண்டு என்றால் தரை

கொட்டச்சேட்டுத் தேக்கு
இலை உதிர்த்து நின்ற தை மாதக் காலையில் பறந்தோம்.
நாங்கள் எங்கே பறந்தோம்,
பறந்தது ஜெபமணியின் ட்ரோன்.
ஜீப் பானெட்டின் மேல் ஆறிப்போன பன்னை வைத்துவிட்டு
அண்ணாந்து நின்றோம்.

கண்ணுக்குத் தெரியாத லேசர்
விநாடிக்கு மூன்று லட்சம் தடவை
கீழே போய் எதிலாவது முட்டித்
திரும்பி வந்தது.
முதலில் வந்தது உச்சிக்கிளை.
அடுத்து ஒரு கவை.
கடைசியில் மண்.
போய்வர எடுத்த நேரம்தான் உயரம்.
கிணற்றில் கல்லைப் போட்டுக்
காது கொடுக்கிற கணக்கு, அவ்வளவுதான்.

அஸ்தம்பட்டி அலுவலகத்தில்
கிறீச்சிடும் மின்விசிறிக்குக் கீழே காட்டைத் திறந்தேன்.
மரமில்லை. புள்ளிகள்.
ஒவ்வொன்றுக்கும் ஓர் எண் தரவேண்டும்:
ஐந்து என்றால் உயர்ந்த மரம்,
நான்கு நடுவாந்தரப் புதர்,
இரண்டு என்றால் தரை.
எதிலும் ஒட்டாமல் ஆகாயத்தில் நிற்பவை
பதினெட்டு: இரைச்சல்.
நீக்கிவிடலாம்.

பெருக்கிப் பார்த்தேன்.
ஓடைக்கு மேலே பதினோரு புள்ளிகள்
ஒரே வில்லாக வளைந்து கிடந்தன.
உழவாரக் குருவிகள்.
பறவைக்கு இடம் தேடும் வேலையில்
முதல் படியே பறவையை அழிப்பது.
நிச்சயமா என்று கேட்டது கணினி.
ஆமாம் என்று அழுத்தினேன்.

பிறகு காட்டைக் குறுக்காக வெட்டினேன்.
ஆள் வைத்து நட்ட காடு
கல்யாண மண்டபம் மாதிரி இருந்தது:
மேலே கூரை, வரிசையாய்த் தூண், கூட்டிவிட்ட தரை.
வந்து போகலாம்.
குடியிருக்க ஓர் அறை இல்லை.
ஏழாம் பகுதியில் மட்டும்
ஓடையை ஒட்டிப் புகை படிந்தாற்போல
நான்குகள்.

அதே ஏழாம் பகுதிக்குத்தான்
புதர் அகற்ற நிதி வந்திருந்தது.
மார்ச் முப்பத்தொன்று கெடு.
"உங்க படத்துல எத்தனை பறவை இருக்கு?"
என்று கேட்டார் ரேஞ்சர் மகுடேசுவரி.
"ஒண்ணுமில்லைங்க மேடம்.
இருந்ததையும் நான்தான் நீக்கினேன்."

அவர் சிரிக்கவில்லை. கிளம்புங்க என்றார்.

இருபது கொண்டை ஊசி ஏறி,
வாழவந்தி தாண்டி,
நேரில் போய்ப் பார்த்தால்
என் நான்குகளில் பாதி உண்ணிச்செடி.
லேசருக்கு எல்லாம் ஒன்றுதான்,
எது தடுத்தாலும் திரும்பி வந்துவிடும்,
பேர் கேட்காது.
மீதிப் பாதி சூரை, காரை,
மரநாய் கழித்த கொட்டையில்
தானாய் முளைத்த காப்பி.
அடியில் முழங்கால் வரை சருகு.

அந்தச் சருகு புரளும் சத்தம்.
எலி என்றான் ஜெபமணி.
அப்புறம் இரண்டு சுரத்தில் ஒரு சீழ்க்கை.
காவலர் சேர்வராயன் கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.
"ஆறுமணிக்குருவி.
பதிமூணு நிமிசம் முந்திக் கூவுது,
அதுக்கும் மார்ச் கெடு போல."

உண்ணியை மட்டும் கையால் பிடுங்கலாமே என்றேன்.
கூலி விகிதப் பட்டியலில்
'கையால்' என்று ஒரு வரியே இல்லையாம்.
ரேஞ்சர் கொஞ்ச நேரம்
செருப்பில் ஒட்டிய முள்ளை எடுத்துக்கொண்டிருந்தார்.
ஓடைக்கு இருபுறமும் இருபது இருபது மீட்டர் விடுங்க,
எல்லைக்கு வெள்ளைப் பெயின்ட் அடிங்க,
மிச்சம் வெட்டியாகணும்.

வெட்டினார்கள்.
பெயின்ட் கோட்டுக்கு வெளியே
இப்போது வெயில் தரை வரை விழுகிறது.
அடுத்த வருடம் மறுபடி பறந்தால்
இரண்டுகள் ஏராளமாய் வரும்.

இரவில் அந்த நாற்பது மீட்டரைத்
திரும்பத் திறந்து பார்க்கிறேன்.
அண்டங்காக்கை உயரத்தில் போனவற்றை நீக்கியாயிற்று.
கிளையில் இருந்தவை கிளையோடு எண்ணப்பட்டன.
சருகில் குதித்து நடக்கிற அது,
ஒளி வந்து முதுகைத் தொட்ட அந்த நொடியில்
அசையாமல் நின்றிருந்தால்,
இங்கேதான் இருக்கவேண்டும்,
இந்த இரண்டுகளுக்குள்,
தரையைவிட
நான்கு விரல் உயரமான தரையாக.