வேறு மாத்திரை ஏதும்?

லீ பஜார் பூண்டு மண்டியில்
பத்தொன்பது வருஷமாய்க் கணக்கெழுதுகிறேன்.
மலைப்பூண்டு, நாட்டுப்பூண்டு, வடக்கிலிருந்து வரும் மூட்டை,
எதுவானாலும் வாசலில் நின்றே ரகம் சொல்வேன்.
என் சட்டைப்பை நோட்டை
டவுன் பஸ் கண்டக்டர் மூக்கைச் சுளித்துத்தான் வாங்குவார்.

அப்பேர்ப்பட்ட நான்
பூண்டைக் காசு கொடுத்து வாங்கினேன்,
வாசனை இல்லாத பூண்டை.

விற்றவன் அய்யந்துரை.
ஏற்காட்டு அடிவாரத்தில் காலை நடை வருபவர்களுக்கு
ஸ்கூட்டர் டிக்கியைத் திறந்து கடை விரிப்பவன்.
தேன் நிறத்தில், உள்ளே எண்ணெய் அசையும் உருண்டைகள்.
வெயிலுக்கு நேரே பிடித்தால்
சேர்வராயன் மலை அதற்குள் தலைகீழாய்த் தொங்கியது.
"கொழுப்பு கரையும், மூட்டு இளகும்,
ரத்தம் தண்ணியாட்டம் ஓடும்ணே.
மருந்தில்ல, எண்ணெய்தான்."

எண்ணெய்தான்.
காலையில் இரண்டு, ராத்திரி இரண்டு.
நெஞ்சில் ஸ்டென்ட் வைத்த டாக்டர் எழுதிய
ரோஸ் நிற மாத்திரையோடு
ஒரே மடக்குத் தண்ணீரில்.

பங்குனியில் கடைவாய்ப் பல் கிளம்பியது.
கிராம்பெண்ணெயைப் பஞ்சில் தொட்டு வைத்தேன்.
வலி அடங்கியது.
மறுநாள் தாராளமாய் வைத்தேன்.
ஈறு வெந்து தோலுரிந்தது.
அதுவும் எண்ணெய்தானே.

ஐந்து ரோட்டில் பல் டாக்டர் நிலோஃபர்
படிவத்தைப் புரட்டினார்.
ரோஸ் மாத்திரையைப் பற்றி
ஸ்டென்ட் டாக்டரிடம் ஏற்கெனவே பேசியிருந்தார்.
"வேறு மாத்திரை ஏதும்?"
"இல்லை."
நான் பொய் சொல்லவில்லை.

பல் வந்துவிட்டது.
ரத்தம் நிற்கவில்லை.
பஞ்சைக் கடியுங்கள் என்றார், கடித்தேன்.
ஒரு பஞ்சு, இரண்டு, ஐந்து.
வெளியே யாரோ நம்பர் கூப்பிட்டுக்கொண்டே இருந்தார்கள்.
கதவைத் திறந்து எட்டிப் பார்த்த வளர்மதிதான் கேட்டாள்:
"அந்தப் பூண்டு உருண்டையச் சொன்னீங்களா?"

டாக்டரின் கை ஒரு நொடி நின்றது.
எத்தனை? எவ்வளவு நாளாய்?
வாய் நிறையப் பஞ்சோடு
நான்கு விரலைக் காட்டினேன்.
பிறகு மாதக் கணக்குக்கு ஐந்தை.

அவர் திட்டவில்லை. அதுதான் கஷ்டமாயிருந்தது.
தையல் போட்டுக்கொண்டே சொன்னார்:
"ரசத்துல தட்டிப் போடுங்க, பயமில்ல.
இந்த உருண்டை நிறையப் பேர ஒண்ணும் செய்யாது.
கொழுப்பு கொஞ்சம் குறையக்கூடச் செய்யலாம்.
ஆனா உங்க மாத்திரையும் இதுவும்
ஒரே கதவத் தள்ற ரெண்டு ஆளு."
ரோஸ் மாத்திரையை நானாக நிறுத்தமாட்டேன் என்று
என் வாயால் இரண்டு தரம் சொல்ல வைத்தார்.

படிவத்தில் அதற்குக் கட்டமில்லை.
ஓரத்தில் சாய்த்து எழுதினார்:
பூண்டெண்ணெய், தினம் 4.
ஐந்து மாதத்தில் முதல்முறையாக
அது ஒரு மருந்தின் பெயர்போல் இருந்தது.

நான்காம் நாள்
மூட்டை எடை போடும்போது போன்.
"அண்ணே, ரெண்டு டப்பா எடுத்தா ஒண்ணு சும்மா.
போன டப்பா எப்படி, ரத்தம் நல்லா ஓடுச்சா?"
"ஓடுச்சுப்பா" என்றேன்,
நாக்கால் தையலைத் தடவியபடி,
"நிக்கத்தான் மாட்டேன்னுடுச்சு."

சிரித்தான். தன் மாமனாருக்கும்
இதையேதான் கொடுக்கிறானாம்,
வர்ற வாரம் அவருக்குக் கண் ஆபரேஷனாம்.

"அவரு வேற மாத்திரை ஏதும்..."
என்று கேட்டேன்.

மறுமுனையில்
கொண்டை ஊசி வளைவில் திரும்பும்
ஏதோ ஒரு பஸ்ஸின் ஹாரன் மட்டும்.