பதினைந்தாம் நம்பர் ஸ்பேனர்

பழங்காநத்தத்தில் மூன்றாம் மாடி.
நாங்கள் மூன்று பேர், சைக்கிள் மூன்று,
நின்ற இடத்திலேயே மிதிக்க
ஒரேயொரு இரும்புத் தாங்கி.
சொக்கிகுளத்தில் முழங்கால் போன ஒருவர்
நாலாயிரத்து இருநூறுக்குத் தள்ளிவிட்டார்.
"எல்லா வண்டியும் ஏறும்மா" என்றார்.
ஏறாது என்று தெரிந்துகொள்ள
ஒரு ஞாயிற்றுக்கிழமை போதுமாயிருந்தது.

என்னுடையது மெல்லிய டயர்,
பதினெட்டுத் தவணையில் ஏழு கட்டியாயிற்று.
அச்சு கிண்ணத்துக்குள் சாவிபோல் உட்காரும்.
உருளை தொட்டதும் ஒரு முனகல்,
அப்புறம் ஃபேன் சத்தம்தான்.

ஜெசிந்தாவுடையது மலைவண்டி.
தோஹா போன அண்ணன் விற்க மனசில்லாமல்
விட்டுப்போனது.
அதன் அச்சு தடிமன். கிண்ணம் வாயைத் திறக்கவில்லை.
கோயம்புத்தூரிலிருந்து விரல்நீள இரும்பு ஒன்று வந்தது,
ஆயிரத்து எண்ணூற்றைம்பது.
மெஸ்ஸில் அரை மாதச் சாப்பாடு அது என்று
அவள் இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறாள்.
டயரின் பற்கள் உருளையைக் கடிக்கும்போது
அலமாரியில் எவர்சில்வர் டம்ளர்கள்
நகர்ந்து நகர்ந்து விளிம்புக்கு வரும்.

ரொகையாவுடையது பிளஸ் ஒன்னில்
அரசாங்கம் கொடுத்தது. கூடையில் முத்திரை,
பாதி சுரண்டியது.
கியர் கிடையாது. நட்டு, பதினைந்தாம் நம்பர்.
ஸ்டாண்டைக் கழற்றினால்தான் தாங்கிக்குள் நுழையும்;
கழற்றிய ஸ்டாண்டு மிக்ஸிக்குப் பக்கத்தில் கிடக்கும்.
முன்சக்கரத்தின் கீழ் எனக்கு ஒரு செங்கல்,
ஜெசிந்தாவுக்கு அரை,
ரொகையாவுக்குச் செங்கலும் அதன்மேல்
அவள் இரண்டு தடவை எழுதிய குரூப் ஃபோர் கைடும்.

வெளியே ஓட்டினால் என்ன என்பார்கள்.
பைபாஸ் ரோட்டில் காலை ஐந்தேகாலுக்கு
காளவாசலிலிருந்து ஒரு பல்சர்
என் பின்னாலேயே வந்தது, முந்தாமல்.
மறுவாரம்தான் சொக்கிகுளம் போனோம்.

கீழ்வீட்டுத் தனுஷ்கோடி ரயில் ஓட்டுகிறவர்.
ராத்திரி ஓட்டிவிட்டுப் பகலில் தூங்கவேண்டியவர்.
ஒருநாள் கைலியோடு மேலே வந்தார்.
"குண்டு டயர்னா கூட்ஸ் வண்டி
பாயின்ட் தாண்டுற மாதிரி கேக்குது.
மெல்லிசு பரவாயில்ல.
அந்த மூணாவது யாரு?
ஏத்தத்துல திணறுது, ஆனா நிக்க மாட்டேங்குது."
ரொகையா வேர்வையைத் துடைத்துக்கொண்டு
"நான்தான்" என்றாள்.
"எவ்வளவு தூரம் போனீங்க?"
"நாப்பது நிமிஷம்."
"நேத்து விழுப்புரம் போய்ட்டு வந்தேன்.
நானும் உக்காந்தேதான்" என்றவர்
விளிம்பில் நின்ற டம்ளர்களைச்
சுவரோரம் தள்ளிவைத்துவிட்டு இறங்கினார்.
அவருடைய டியூட்டி அட்டவணை
இப்போது எங்கள் பிரிட்ஜில்.

உருளைக்குக் கீழே தினமும் கறுப்புத் தூள்.
யார் டயருடையது என்று பிரிக்க முடியாது,
யார் பெருக்குவது என்றுதான் சண்டை.

ஆடியில் ஒரு ஞாயிறு விடியுமுன்
ஸ்பேனர் திருகும் சத்தம்.
என் முறைக்கு இடம் விடுகிறாள் என்று
பல் தேய்த்துக்கொண்டே எட்டிப் பார்த்தேன்.
ரொகையா சைக்கிளைத் தோளில் போட்டுக்கொண்டு
இரண்டாம் மாடித் திருப்பத்தில் இருந்தாள்.
"வர்றதுன்னா வாங்க."

காளவாசலில் யாரும் பேசவில்லை.
சிக்னலில் மட்டும் மூன்று வண்டியும் ஒரே வரிசையில்.
விராட்டிப்பத்து தாண்டியதும் காற்று எதிரே வந்தது,
அறைக்குள் எந்தத் திருகாணியை முறுக்கியும்
வராத காற்று.
ஜெசிந்தா முன்னால் போய்விட்டாள்,
அவள் டயரின் இரைச்சல் தார் மேல்
பாதிகூட இல்லை.

நாகமலை அடிவாரத்தில் டீக்கடை.
குனிந்து பார்த்தேன்:
என் பின் டயர் நடுவில் சப்பையாய், பளபளவென்று,
ஊரெல்லாம் சுற்றியதுபோல்.
முன் டயரின் ஓரத்தில்
கடையிலிருந்து வந்த ரப்பர் முடிகள்
அப்படியே சிலிர்த்துக்கொண்டு.

மூன்று டீ வந்தது.
ரொகையா மட்டும் கைப்பிடியை விடாமல்
நின்றுகொண்டிருந்தாள்.
"யாராவது வந்து இதைப் பிடிங்கடி,
ஸ்டாண்டு மிக்ஸிகிட்ட கெடக்கு."