வரவில் வராத பதினைந்து

அறுபத்து நான்கு கிரெடிட் கொண்டுபோனேன்.
நாற்பத்தொன்பதை எடுத்துக்கொண்டார்கள்.
மிச்சத்தை, 'இணையான பாடம் இல்லை' என்று
ஒரே வரியில் திருப்பி அனுப்பினார்கள்,
கிழிந்த நோட்டைக் கடைக்காரர்
விரலால் தள்ளிவிடுவதுபோல.

பதினைந்து என்றால் என்னவென்று சொல்கிறேன்.
டுலேரியில் சீஸ் ஆலையின் இரவு ஷிப்டு முடித்து
முடிவலையைக் கழற்ற மறந்து
ஓட்டிப்போன இருபத்தேழு மைல்.
டிசம்பர் பனியில்
முன்னால் போகும் லாரியின் சிவப்பு விளக்குதான் சாலை.
அது திரும்பினால் நானும் திரும்புவேன்.
ஒருமுறை
யாரோ ஒருவருடைய பாதாம் தோப்பில் போய் நின்றேன்.
லாரிக்காரர் இறங்கி வந்து
என்னைப் பார்த்துச் சிரித்தார்.
தேர்வு எட்டு மணிக்கு.

அந்தக் கல்லூரி
முக்கால்வாசி கார் நிறுத்துமிடம்.
படிப்பு, சாப்பாடு, தூக்கம் எல்லாம் வண்டிக்குள்.
பக்கத்து வண்டியில் டெங் வூ,
டயர்க் கடையிலிருந்து நேராக வந்தவன்.
அவன் நுண்கணிதப் புத்தகத்தில்
பக்கத்துக்குப் பக்கம் கறுப்புப் பெருவிரல் ரேகை.
எந்தக் கணக்கில் அதிக நேரம் திணறினான் என்று
மை பார்த்தே சொல்லிவிடலாம்.

ஒரே இரவில் விண்ணப்பித்தோம்.
என் கட்டுரையை அவன் திருத்தினான்,
அவனுடையதை நான்.
மே மாதம் ஒரே நாளில் பதில்.
எனக்கு வந்ததில் முதல் சொல் 'வாழ்த்துகள்'.
அவனுக்கு வந்ததில் 'நன்றி'.
அதற்குப் பிறகு
கடையில் மீதிச் சில்லறை தரும் பெண்
நன்றி என்றாலும்
வயிறு ஒரு கணம் இறுகுகிறது.

எங்கள் தெருவில் கிணறு வற்றி
பக்கெட்டோடு வரிசையில் நின்றிருக்கிறோம்.
இங்கே நள்ளிரவில்
ஆளில்லாத புல்வெளிக்குத்
தானாகவே தண்ணீர் எழுகிறது.
முதல் வாரம் ஜன்னலில் நின்று
அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

வரவேற்பு விருந்தில்
பத்தொன்பது வயதுக்காரி ஒருத்தி கேட்டாள்,
முன்பு எங்கே படித்தீர்கள்?
சொன்னேன்.
'ஓ' என்றாள்.
கெட்ட எண்ணம் ஒன்றுமில்லை.
ஆனால் அவள் வாயைப் பார்த்தேன்:
கச்சிதமான ஒரு பூஜ்யம்.

புள்ளியியலை மறுபடி படி என்றார்கள்.
முந்நூறு பேர் உட்காரும் அரங்கம்.
அதே புத்தகம்!
என்னிடம் ஏழாம் பதிப்பு, இவர்களிடம் எட்டாவது.
மாறியது கணக்குகளின் வரிசை எண் மட்டும்.
வாய்விட்டுச் சிரித்துவிட்டேன்.
பேராசிரியர் நிமிர்ந்து, கேள்வியா என்றார்.
இல்லை என்றேன், ராணிபோல.

நவம்பர்த் தேர்வில் அறுபத்தொன்று.
தெரிந்த பாடத்தில்.
நூற்றுக்கு.

இரண்டு நாள் யாரிடமும் சொல்லவில்லை.
மூன்றாம் நாள் இரவு பதினொன்றுக்கு
டெங் கூப்பிட்டான், ஏதோ ஒரு தொடரில் சிக்கி.
நான் விடுதிப் படிக்கட்டில்,
அவன் அதே பழைய இடத்தில், வண்டிக்குள்.
அவனுடைய தொடர் அரைமணியில் முடிந்தது.
உன் கேள்வித்தாளை வாசி என்றான்.
எப்படித் தெரிந்தது என்று கேட்கவில்லை.
வாசித்தேன்.
பேனாவால் ஸ்டீயரிங்கைத் தட்டும் சத்தம்.
"லுசிண்டா, நீ எவ்வளவு என்று எழுதியிருக்கிறாய்.
அவர்கள் ஏன் என்று கேட்கிறார்கள்."

நான் பேசவில்லை.
அவனும் எதையோ மென்றுகொண்டிருந்தான்.
அடுத்த மார்ச் மறுபடி விண்ணப்பிப்பாயா என்று
கேட்க நினைத்து
என்ன சாப்பிடுகிறாய் என்று கேட்டேன்.
நேற்றைய சோறு என்றான்.

பிறகு, இங்கே பனி இறங்கிவிட்டது என்றான்,
வாசல் கம்பம்கூடத் தெரியவில்லை,
ஒரு லாரி வரட்டும்,
பின்னாலேயே போய்விடுகிறேன்.

வைக்காதே என்றேன்.
போனைப் பக்கத்து சீட்டில் போட்டான்.
நெடுநேரம் இண்டிகேட்டர் சத்தம் மட்டும்
டிக் டிக்கென்று கேட்டது.
எந்தப் பக்கம் திரும்பக் காத்திருக்கிறான் என்று
சத்தத்தை வைத்துச் சொல்ல முடியாது.