முந்நூறில் நிற்கும் முள்

ருஸ்தாவி, தொண்ணூற்று மூன்று, ஜனவரி.
உலைக்குள் நடப்பதை நான் பார்த்ததில்லை,
யாரும் பார்த்ததில்லை.
குழாய்மேல் கை வைத்தால் ஒரு நடுக்கம், அவ்வளவுதான்.

ஒரு நைட்ரஜன், மூன்று ஹைட்ரஜன்:
நான்கு பேர் நின்ற இடத்தில்
இரண்டு அம்மோனியா.
நெரிசல் கூடினால் வாயுவுக்கும் வேறு வழியில்லை,
தலைகளைக் குறைத்துக்கொள்ளும்.
கூடியதில் சில பிரிந்துகொண்டேயிருக்க
பிரிந்ததில் சில கூடும்.
முள் முந்நூறில் அசையாமல் நிற்பதைப் பார்த்து
பதிவேட்டில் எழுதுகிறேன்:
'மாற்றமில்லை'.

வீட்டுக்கு எரிவாயு வந்து எழுபது நாள்.
மூன்று அறைகளையும் பூட்டிவிட்டு
மண்ணெண்ணெய் அடுப்பைச் சுற்றி முடங்கினோம்.
ஆறு வருடம் பேசாத என் அக்கா லமாராவும்
நாத்தனார் எத்தேரியும்
ஒரே கம்பளிக்குள்.
முதுகைக் காட்டித்தான் படுத்தார்கள்.
விடியும்போது பார்த்தேன்,
எத்தேரியின் சில்லிட்ட பாதங்கள்
லமாராவின் கெண்டைக்கால்களுக்கு நடுவே.
யாரும் மன்னிப்புக் கேட்கவில்லை.
அதற்கு அங்கே இடமில்லை.

பிறகு வலிகோ சித்தப்பா வந்தார், மூட்டையோடு.
திரும்பிப் படுக்கவும் முடியவில்லை;
ஆனாலும் ஒன்றும் மாறவில்லை.
யாரோடும் ஒட்டமாட்டார், யாரையும் பிரிக்கவும்மாட்டார்.
ஆர்கான்.
எங்கள் சுற்றிலும் அது வந்து தங்கும்,
மொத்த அழுத்தத்தை ஏற்றிவிட்டுச்
சமநிலையை ஒரு இழைகூட நகர்த்தாமல் உட்கார்ந்திருக்கும்.
அவ்வப்போது வால்வைத் திறந்து வெளியே விடுவோம்.
சித்தப்பாவை எங்கே விடுவது?

இரவு இரண்டே கால். மின்சாரம் போயிற்று.
கம்ப்ரசர் இருமி இருமி ஓய்ந்தது.
டார்ச் வெளிச்சத்தில் நான் படிக்கப் படிக்க
குராம் எழுதினான்:
முந்நூறு.
இருநூற்று நாற்பது.
நூற்றெண்பது.
உலையில் சூடு மிச்சமிருந்தது,
வினையூக்கி போகவும் வரவும் ஒரே கதவு.
உள்ளே இடம் கிடைத்துவிட்டது,
இரண்டு மறுபடி நான்காகிக்கொண்டிருக்கும்.
"இதை எந்தப் பத்தியில் எழுத?" என்றான் குராம்.
அதற்குப் பத்தி இல்லை.

ஏப்ரலில் அறைகளைத் திறந்தோம்.
லமாரா தலையணையைத் தூக்கிக்கொண்டு
திரும்பிப் பார்க்காமல் போனாள்.
எத்தேரி ஜன்னலோரம்.
பேச்சு குறைந்தது. நிற்கவில்லை.
எவ்வளவு தளர்த்தினாலும்
உலையில் துளி அம்மோனியா இருக்கத்தான் செய்யும்.

ஞாயிறு காலை
உப்புக் கேட்டு லமாராவின் கதவைத் தட்டினாள் எத்தேரி.
அவள் ஜாடியை நான் பார்த்தேன்.
கழுத்துவரை இருந்தது உப்பு.