ஏழாம் நாள் கணக்கு

ஹெப்பாள் மேம்பாலத்துக்குக் கீழே
உண்ணிச்செடியின் இலை பறித்துக்கொண்டிருந்தேன்.
காவலாளி ஈரண்ணா கேட்டார்:
"யாருக்கு மேடம் உடம்பு சரியில்லை?"
மண்ணுக்கு என்றேன்.
அவர் சிரிக்கவில்லை.
பையின் வாயை விரித்துப் பிடித்துக்கொண்டார்.

மூன்று முறை கழுவினேன்.
முதல் தண்ணீர் தார் நிறத்தில் இறங்கியது.
நிழலில் எட்டு நாள், மிக்சியில் நாலு நிமிடம்,
மெத்தனாலில் ஓர் இரவும் பகலும்.
எல்லாம் ஆவியான பின்
குடுவையின் அடியில் மிஞ்சியது
கரும்பச்சைப் பிசின், ஒரு கரண்டி.
உன் துப்பட்டா கஷாயம் நாறுது என்றாள்
விடுதியில் அடுத்த கட்டில்காரி.

பூஞ்சை கோலாரிலிருந்து வந்தது,
வாடிய தக்காளியின் வேரோடு,
ஐஸ்கிரீம் டப்பாவில் மண்ணாக.
கொண்டுவந்த சிக்கமுனியப்பா
இரண்டு ஏக்கர் என்றார்.
வாசல் வரை போய்த் திரும்பி
ஒன்றே முக்கால் என்று திருத்தினார்.

உருளைக்கிழங்குக் கஞ்சியில் சாற்றைக் கலந்து
தட்டில் உறையவைத்து
நடுவில் ஒரு பொட்டுப் பூஞ்சை.
சாறில்லாத தட்டில்
ஏழு நாளில் விளிம்பைத் தொட்டது
மேலே பஞ்சாக, அடியில் கத்தரிப்பூ நிறமாக.
அழகுதான், சொல்லாமல் இருக்க முடியவில்லை.
நொச்சிக்குக் கொஞ்சம் தயங்கியது.
எருக்கை மதிக்கவே இல்லை.
உண்ணிச்செடியில் மட்டும்
வைத்த பொட்டு வைத்தபடி.
அளவுகோலை இரண்டு வாக்கில் வைத்துப் பார்த்தேன்.
பூஜ்யம்.
நெறியாளர் அன்று என்னை
முழுப்பெயர் சொல்லிக் கூப்பிட்டார்: சௌந்தரவல்லி.

அந்தப் பொட்டைப் பெயர்த்து
சாறில்லாத புதுத் தட்டில் வைக்க வேண்டும்.
செத்ததா, சும்மா கிடந்ததா என்று
அதனிடமே கேட்கும் முறை அது.
வெள்ளிக்கிழமை கேட்டேன்.
திங்கள் காலை, தட்டைச் சாய்த்து
குழல்விளக்கில் காட்டினால் தெரிகிற அளவுக்கு
ஒற்றை இழை.
மாலைக்குள் எண்ண முடியவில்லை.

இத்தனை நாளும்
மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்திருக்கிறது.

"கொல்கிறது" என்பதை அடித்து
"தடுக்கிறது" என்று எழுதினேன்.
அட்டவணையில் எண் எதுவும் மாறவில்லை.
நெறியாளர் மறுபடி
"ஏம்மா" என்று கூப்பிட ஆரம்பித்தார்.

இரவு ஒன்பதுக்கு போன்:
"செத்துச்சா மேடம்?"
இல்லைங்க, தூங்குது.
பேருந்து இரைச்சல் நடுவே
சிக்கமுனியப்பா யோசித்தார்.

"எத்தனை நாள் தூங்கும்?
தக்காளிக்குத் தொண்ணூறு நாள் போதும்."

பதில் தெரியவில்லை.
புதிதாகப் பன்னிரண்டு தட்டுகள் எடுத்து
மூடிமேல் தேதி எழுதத் தொடங்கினேன்.
பேனா மூன்றாவதிலேயே தீர்ந்துவிட்டது.